மஞ்சள் நிலத்துக்கு வழி எங்கே?

எல்க் மான் வேட்டைக்குக் குலுக்கலில் உரிமம் விழுந்திருக்கிறது என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் இரண்டு விதமான கேள்விகள் வரும். வேட்டைக்குப் போகாதவர்கள் "என்ன துப்பாக்கி?" என்பார்கள். போகிறவர்கள் "உள்ளே எந்த வழியாப் போகப் போற?" என்பார்கள். அமெரிக்காவின் கொலராடோவுக்குக் குடிவந்து, நெப்ராஸ்காவில் வளர்ந்த ஒரு சக ஊழியரோடு சேர்ந்து இந்தப் பழக்கத்துக்குள் வந்த பிறகு எனக்கும் இரண்டாவது கேள்விதான் முதலில் வருகிறது. துப்பாக்கி கடையில் கிடைக்கும். குறிவைக்கப் பழக ரேஞ்ச் இருக்கிறது. சட்டப்படி கால் வைக்கக்கூடிய, எல்க்கும் வந்து நிற்கக்கூடிய ஒரு துண்டு நிலத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. அதைக் கோடையிலேயே, மேசை முன் உட்கார்ந்து, வரைபடத்தை முறைத்துப் பார்த்தபடி செய்ய வேண்டும்.

1972 வன உயிரினச் சட்டத்துக்குப் பிந்தைய இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு வேட்டை என்றாலே குற்றம். அதனால் சின்ன விளக்கம். அமெரிக்காவில் காட்டு விலங்கு நிலத்துக்காரருக்குச் சொந்தமில்லை. பண்ணை முதலாளியின் புல்லை மேயும் எல்க்கும் அவருடையதல்ல. மக்கள் சார்பாக மாநில அரசு அதைப் பொறுப்பில் வைத்திருக்கிறது. எந்த யூனிட்டில் (வேட்டைக்கென்று பிரித்த பகுதி), எந்த மாதத்தில், எத்தனை ஆண், எத்தனை பெண் என்று மாநில வனவிலங்குத் துறை வருடா வருடம் கணக்குப் போட்டு உரிமம் கொடுக்கும். உரிமக் கட்டணமும், 1937ல் வந்த பிட்மேன்-ராபர்ட்சன் சட்டப்படி ரைஃபிள்கள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்படும் 11 சதவீத வரியும் அந்தத் துறைகளின் பெரிய வருமானம். ஆக, விலங்கு பொதுச்சொத்து. அது நிற்கும் நிலம் பொதுச்சொத்தாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். தலைவலி அங்கேதான் தொடங்குகிறது.

பொதுநிலத்துக்குப் பஞ்சம் இல்லை. பி.எல்.எம். என்று எல்லோரும் சுருக்கிச் சொல்லும் நில மேலாண்மைப் பணியகத்திடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. தமிழ்நாட்டைப்போல ஏழு மடங்குக்கு மேல். கூட்டரசின் (ஃபெடரல் அரசின்) வனத்துறையிடம் இன்னொரு 19.3 கோடி. இதில் பெரும்பகுதி மேற்கு மாநிலங்களில். மூடிவைத்த சில இடங்களை விட்டுவிட்டால், இந்த நிலத்தில் உரிமம் வைத்திருக்கும் எவரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் வேட்டையாடலாம். படிக்கும்போது சொர்க்கமாகத் தெரியும்.

பி.எல்.எம். வெளியிடும் வரைபடத்தை விரித்துப் பார்த்தால் சொர்க்கத்தின் உண்மை நிலவரம் புரியும். மஞ்சள் என்றால் பி.எல்.எம்., பச்சை என்றால் தேசிய வனம், நீலம் என்றால் மாநில நிலம், வெள்ளை என்றால் தனியார். கைபேசிச் செயலிகளும் ஏறத்தாழ இதே நிறங்களைத்தான் பயன்படுத்துகின்றன. கொஞ்ச காலம் பார்த்துப் பழகினால் இந்த நிறங்கள் ஒரு வரலாற்றைச் சொல்வது தெரியும். பள்ளத்தாக்கின் அடியில், ஓடையை ஒட்டி நீளநீளமாக வெள்ளை ஓடும். 1862ன் ஹோம்ஸ்டெட் சட்டத்திலும் அதற்குப் பின்னாலும் வந்து குடியேறியவர்கள் தண்ணீர் இருக்கும் இடத்தைத்தானே எடுப்பார்கள்? யாரும் கேட்காத மேடும் வறண்ட சரிவும் அரசிடமே தங்கிவிட்டன. அவைதான் மஞ்சளும் பச்சையும். சாலை போடுகிறவர்களும் பள்ளத்தாக்கின் அடியில்தான் போடுவார்கள். ஆகவே சாலை, வீடு, தண்ணீர் எல்லாம் வெள்ளைக்குள். மலை முழுக்க நமக்கு, மலையின் அடிவாரம் மட்டும் வேறொருவருக்கு. நீலச் சதுரங்கள் தனித்தனியாகச் சிதறிக் கிடப்பதற்கும் காரணம் உண்டு. நில அளவையில் டவுன்ஷிப் என்ற பெரிய சதுரம் ஒவ்வொன்றையும் ஒரு மைல் சதுரமான 36 பிரிவுகளாக வெட்டினார்கள். வயோமிங் போன்ற மாநிலங்களில் 16ஆம், 36ஆம் பிரிவுகளைப் பள்ளிக்கூடங்களின் செலவுக்காக மாநிலத்துக்கு எழுதிவைத்தார்கள். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. எண்ணைப் பார்த்துக் கொடுத்ததோடு சரி.

நம்மூரில் காணி வாங்கப் போனால் பட்டா, வில்லங்கம் எல்லாம் பார்த்த பிறகு, வண்டிப்பாதை இருக்கிறதா என்று கேட்காத பெரியவர் இருக்க மாட்டார். இங்கே ஒரு நாடே அந்தக் கேள்வியைக் கேட்காமல் நிலத்தைப் பங்கு போட்டிருக்கிறது. தியோடர் ரூஸ்வெல்ட் கன்சர்வேஷன் பார்ட்னர்ஷிப் என்ற அமைப்பும், மொன்டானாவின் மிசூலாவிலிருந்து இயங்கும் ஆன்எக்ஸ் என்ற வரைபடச் செயலி நிறுவனமும் சேர்ந்து 2018ல் ஒரு கணக்கு எடுத்தன. மேற்கின் 13 மாநிலங்களில் 95 லட்சம் ஏக்கருக்கு மேல் கூட்டரசு நிலம், நிரந்தரமான சட்டபூர்வ வழி எதுவும் இல்லாமல் தனியார் நிலத்துக்கு நடுவே அடைபட்டுக் கிடக்கிறது. அதில் 30 லட்சம் ஏக்கர் வயோமிங்கில் மட்டும். அடுத்த ஆண்டு மாநில நிலங்களை எண்ணினார்கள். 11 மாநிலங்களில் இன்னொரு 63 லட்சம் ஏக்கர். வரி கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் சொந்தம், ஆனால் போக முடிவது பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் அவர் விரும்பி அழைத்தவருக்கும் மட்டும்.

வயோமிங்கின் தெற்கில் இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. 1862ல் பசிபிக் ரயில்வே சட்டம் வந்தபோது, தண்டவாளம் போடும் கம்பெனிக்குக் கூலியாக அரசு நிலத்தையே கொடுத்தது. இரண்டாண்டு கழித்து அளவை இரட்டிப்பாக்கி, பாதையின் இரண்டு பக்கமும் 20 மைல் வரை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பிரிவுகளைக் கொடுத்தார்கள். ஒற்றைப்படை எண் ரயில்வேக்கு, இரட்டைப்படை அரசுக்கு. ரயில் வந்தால் அரசின் பங்கும் விலை ஏறும் என்று திட்டம். யூனியன் பசிபிக் பெற்ற நிலம் பின்னால் பண்ணைகளுக்குக் கைமாறியது. இன்றைக்கும் வரைபடத்தில் அந்தப் பகுதி மஞ்சளும் வெள்ளையுமாகச் சதுரங்கப் பலகைபோலவே தெரியும், பெயரும் அதுவேதான். இரண்டு மஞ்சள் கட்டங்கள் தொட்டுக்கொள்வது மூலையில் மட்டும். அந்த மூலையில் நில அளவையாளர் பதித்த ஒரு பித்தளைக் குமிழ் இருக்கும். அதற்கு இந்தப் பக்கம் நம் நிலம், எதிர்ப் பக்கம் நம் நிலம், மற்ற இரண்டு பக்கமும் வேறொருவருடையது. மூலைக்கு அகலம் கிடையாது. மனிதனுக்குத் தோள் இருக்கிறது. தாண்டும்போது தோள் ஒரு நொடி தனியார் நிலத்தின் மேலுள்ள காற்றுவெளிக்குள் போய்வரும். அது அத்துமீறலா?

சிரிக்க வேண்டாம், இந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை போனது. வயோமிங்கில் லாரமியிலிருந்து ராலின்ஸுக்கு 80ஆம் எண் நெடுஞ்சாலையில் போனால் தெற்கே 11,000 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் எல்க் மலையைப் பார்க்கலாம். அதைச் சுற்றிய பெரிய பண்ணை, வட கரோலினாவைச் சேர்ந்த ஒரு மருந்துத் துறைச் செல்வந்தரின் நிறுவனத்துக்குச் சொந்தம். பண்ணை நிலத்துக்கு நடுநடுவே பி.எல்.எம். கட்டங்கள். 2020ல் மிசூரி மாநிலத்திலிருந்து வந்த வேட்டைக்காரர்கள் ஒரு மூலையைத் தாண்டப் போனார்கள். பண்ணைக்காரர்கள் அங்கே இரண்டு இரும்புக் கம்பங்களை நட்டு, சங்கிலி கட்டி, நுழையாதே பலகை மாட்டியிருந்தார்கள். வேட்டைக்காரர்கள் கம்பத்தைப் பிடித்துச் சுழன்று அந்தப் பக்கம் இறங்கினார்கள். அடுத்த ஆண்டு ஒரு இரும்பு ஏணியையே செய்து எடுத்துவந்து, கம்பத்தைக்கூடத் தொடாமல், பி.எல்.எம். மண்ணில் ஏறி பி.எல்.எம். மண்ணில் இறங்கினார்கள். எனக்கு இந்த வழக்கிலேயே பிடித்தது அந்த ஏணிதான். சட்டப் புத்தகத்தை நன்றாகப் படித்தவன் செய்த ஏணி அது.

கார்பன் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) அவர்கள் மீது அத்துமீறல் வழக்குப் போட்டது. 2022 ஏப்ரலில் ராலின்ஸில் ஜூரி விடுதலை செய்தது. பண்ணை நிறுவனம் தனியாக உரிமையியல் வழக்கும் போட்டிருந்தது. நிலத்தின் மதிப்பு குறைந்துவிட்டதாம். கேட்ட நஷ்டஈட்டுக் கணக்கு ஒரு கட்டத்தில் 77.5 லட்சம் டாலரைத் தொட்டது. அந்தத் தொகையே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது: பண்ணையின் விலையில் ஒரு பங்கு, பண்ணை முதலாளி வாங்காத பொதுநிலத்தைத் தனியாக அனுபவிப்பதற்கான விலை. 2023ல் கூட்டரசு மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லின. ஆதாரமாக நின்றது 1885ஆம் ஆண்டுச் சட்டம். மாட்டுப்பண்ணை ராஜாக்கள் பொதுநிலத்தைச் சுற்றி வேலி போட்டு அடைத்த காலத்தில், அப்படி அடைக்கக் கூடாது என்று போட்ட சட்டம் அது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பண்ணையின் மனுவை விசாரணைக்கே எடுக்கவில்லை.

இந்தச் செய்தி வந்த வாரம் எங்கள் வேட்டைக் குழுவில் ஒரே கொண்டாட்டம். நான் அவ்வளவு துள்ளவில்லை. தீர்ப்பு செல்லுபடியாவது அந்த வட்டாரத்தின் ஆறு மாநிலங்களில்: வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கான்சாஸ், ஓக்லஹோமா. மொன்டானாவும் ஐடஹோவும் வேறு வட்டாரம். மூலை தாண்டுவது இன்றும் சட்டவிரோதம் என்றுதான் மொன்டானா வனவிலங்குத் துறை சொல்லிக்கொண்டிருக்கிறது. அதோடு, மூலைகூடத் தொடாமல் நாலாபுறமும் வெள்ளை சூழ்ந்த நிலத்துக்கு இந்தத் தீர்ப்பால் ஒரு பயனும் இல்லை. தனியார் நிலத்தின் குறுக்கே வழி விடு என்று, இழப்பீடு கொடுக்காமல், அரசே கேட்க முடியாது. ரயில்வேக்கு நிலம் கொடுத்தபோது அப்படி ஒரு உரிமையை ஒதுக்கி வைக்கவில்லை என்று 1979ல் லியோ ஷீப் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதுவும் இதே கார்பன் கவுண்டி விவகாரம்தான்.

இன்னொன்று, நடைமுறைச் சிக்கல். கைபேசி ஜி.பி.எஸ். சில மீட்டர் தள்ளிக் காட்டும். செயலியின் கோடும் தள்ளியிருக்கலாம். தரையில் அந்தப் பித்தளைக் குமிழைக் கண்ணால் பார்க்காமல் தாண்டினால், தாண்டுவது மூலையை அல்ல, பக்கத்து வீட்டு நிலத்தை. வேலியை நம்புவதும் ஆகாது. மாடு மேய்க்க வசதியான இடத்தில் வேலி போடுவார்கள். எல்லைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டியதில்லை. கொலராடோவில் தனியார் நிலத்தில் பலகை இல்லாவிட்டாலும் வேட்டைக்கு அனுமதி வாங்கியே ஆக வேண்டும். 'போர்டு இல்லையே சார்' என்பது எடுபடாது.

சரி, மூலையை விட்டால் வேறு என்ன வழி? நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் யூனிட்டை முடிவு செய்வதற்கு முன்பே வரைபடத்தில் பொதுச்சாலை எங்கே பொதுநிலத்தை நேரடியாகத் தொடுகிறது என்று தேடுவேன். சாலைக் கோடு இருப்பதாலேயே அது பொதுச்சாலை ஆகிவிடாது. கவுண்டி சாலையா, பண்ணையின் சொந்தப் பாதையா என்று கவுண்டியின் சாலைப் பிரிவில் ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவார்கள். பொதுவாக நல்ல மனிதர்கள், நிதானமாகப் பேசுவார்கள், நாம் என்ன கேட்கிறோம் என்று உடனே புரிந்துகொள்வார்கள். பூட்டிய கேட் ஒன்று கவுண்டி சாலையின் குறுக்கே நிற்பதும் உண்டு. அதை அங்கே போய் வாக்குவாதம் செய்து தீர்க்க முடியாது, ஜூலையிலேயே போனில் கேட்டுவைத்தால்தான் உண்டு. தேசிய வனத்துக்குள் வண்டி எங்கெல்லாம் போகலாம் என்பதற்கு வனத்துறையே இலவச வரைபடம் போடுகிறது. அதில் இல்லாத பாதை, கண்ணெதிரே டயர் தடம் தெரிந்தாலும், வண்டிக்கு மூடியதுதான்.

நீலக் கட்டங்களில் கவனம் தேவை. வயோமிங்கில் மாநில நிலத்துக்குச் சட்டப்படி போய்ச்சேர முடிந்தால் வேட்டையாடலாம். ஆனால் இரவு தங்கக் கூடாது, தீ மூட்டக் கூடாது. எல்லையைக் கடந்து கொலராடோவுக்குள் வந்தால் அதே நீலம் பொதுவாக மூடிய நிலம். வனவிலங்குத் துறை குத்தகைக்கு எடுத்துத் திறந்துவிட்டிருக்கும் துண்டுகள் மட்டும் விலக்கு. ஒரே நிறம், இரண்டு சட்டம். வயோமிங்கில் வெளிமாநிலத்தாருக்கு இன்னொரு ஆப்பும் வைத்திருக்கிறார்கள்: வனாந்தரப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட கூட்டரசு நிலத்தில் பெருவிலங்கு வேட்டைக்கு உரிமம் பெற்ற வழிகாட்டியோ, உள்ளூர்வாசி ஒருவரோ கூட வர வேண்டும். அதே இடத்தில் மீன் பிடிக்கவோ நடக்கவோ யாரும் துணைக்குத் தேவையில்லை. கரடிக்கு வேட்டைக்காரனை மட்டும்தான் பிடிக்காது போலிருக்கிறது. பாதுகாப்பு என்று காரணம் சொல்வார்கள். வழிகாட்டித் தொழிலுக்குப் போட்டுக்கொடுத்த வேலி என்பதே என் எண்ணம்.

தனியாரோடு சமாதானமாகப் போன திட்டங்களும் உண்டு. மொன்டானாவின் பிளாக் மேனேஜ்மென்டில் நில உரிமையாளர்களுக்கு மாநிலம் பணம் கொடுக்கிறது; அவர்கள் வேட்டைக்கு நிலத்தைத் திறந்துவிடுகிறார்கள். வயோமிங்கில் ஆக்சஸ் யெஸ் என்ற பெயரில் நடக்கிறது. சில பண்ணைகள் இப்படித் திறந்ததால் பின்னால் அடைபட்டிருந்த பி.எல்.எம். நிலமும் சேர்ந்தே திறந்திருக்கிறது. இந்த ஒப்பந்தங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் போன வருட வரைபடத்தை நம்பிக் கிளம்பக் கூடாது. நேராகக் கதவைத் தட்டிக் கேட்பதும் ஒரு வழிதான். இந்தியப் பெயரோடும் இந்த ஆங்கிலத்தோடும் போய் நின்றால் என்ன ஆகுமோ என்று ஊரில் இருப்பவர்கள் கேட்பார்கள். மான்கூட்டம் தீவனப் புல்லைத் தின்றுதீர்த்த கடுப்பில் இருக்கும் பண்ணைக்காரருக்கு என் பெயர் ஒரு பொருட்டே இல்லை. பெண் எல்க் உரிமம்தானே என்று மட்டும் கேட்டார் ஒருவர். ஆண் எல்க் என்றால் கதை வேறு. பெரிய கொம்புக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கப் பணக்கார விருந்தினர்கள் இருக்கிறார்கள்.

விசாவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒரு வரி. குடியேற்றமல்லாத விசாக்காரர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு. எதற்கும் வழக்கறிஞரிடம் பேசிவிட்டு வாங்குங்கள்.

வழி கிடைத்தால் எல்க்கும் கிடைக்கும் என்று அர்த்தமில்லை. எல்லோரும் எளிதாக வரக்கூடிய பார்க்கிங்கிலிருந்து தொடங்கும் பாதையில் முதல் நாளே பத்து வண்டி நிற்கும். வண்டி ஓடும் சாலையை எல்க் விலகியே நிற்கும் என்பதை ஓரிகனின் ஸ்டார்க்கி ஆய்வுக் காட்டில் ரேடியோ பட்டை கட்டி ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். வேட்டை தொடங்கியதும் கூட்டம் கூட்டமாக, துப்பாக்கி நுழையாத தனியார் நிலத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். வேலிக்கு அந்தப் பக்கம் முந்நூறு நிற்கும், இந்தப் பக்கம் சாணம் மட்டும் கிடக்கும். ஆகவே நான் தேடுவது சாலையிலிருந்து தள்ளிய, ஆனால் ரொம்பத் தள்ளாத நிலம். வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும். எலும்பு நீக்கிய பிறகும் 90 கிலோ போல இறைச்சி மிஞ்சும். அதை வீணாக்குவது குற்றம். இரண்டு பேர் முதுகில் ஏற்றி மலைச்சரிவில் பல நடை சுமக்க வேண்டும். செப்டம்பர் வெயிலில் தாமதித்தால் கெட்டுப்போகும். வரைபடத்தில் ஆறு மைல் உள்ளே ஒரு அழகான மஞ்சள் மேட்டைக் காட்டி, "இங்கே யாருமே வரமாட்டாங்க" என்று புதிதாய் வருகிறவர் சொல்லும்போது, ஏன் வரமாட்டார்கள் என்று முதலில் யோசிக்கச் சொல்வேன்.

மூலைச் சண்டைக்காக நான் இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் எல்க் மட்டும் இல்லை. 2025 ஜூனில் யூட்டாவின் செனட்டர் மைக் லீ, மேற்கில் இருபது லட்சம் ஏக்கருக்கு மேல் பொதுநிலத்தை விற்கும் ஏற்பாட்டைப் பட்ஜெட் மசோதாவில் நுழைக்கப் பார்த்தார். வேட்டைக்காரர்கள், மலையேறுகிறவர்கள், கட்சி பேதமில்லாமல் எல்லோரும் கத்தியதில் மாத இறுதிக்குள் திரும்பப் பெற்றுக்கொண்டார். அந்தச் சத்தம் வந்தது, போய்ப் பார்த்த இடத்தை இழக்கப் போகிறோம் என்ற பயத்தால். யாரும் கால் வைக்காத, நாலாபுறமும் அடைபட்ட ஒரு 640 ஏக்கர் கட்டத்துக்காக யார் கத்துவார்கள்? அதைத் தனக்கென்று விற்கச் சொல்லிக் கேட்கப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் இருப்பார். நிர்வகிக்கக் கடினமான தனித்துண்டு என்ற காரணமே விற்பனைக்குப் போதும் என்று 1976ன் கூட்டரசு நிலக் கொள்கைச் சட்டம் இடம் கொடுக்கிறது.

விற்கத் தகுந்தவை என்று குறிக்கப்பட்ட துண்டுகளின் பட்டியல் பி.எல்.எம். கள அலுவலகங்களின் திட்ட ஆவணங்களில், பெரும்பாலும் பின்னிணைப்பில், சட்ட விவரணையாக அச்சாகியிருக்கும்: நில அளவையின் டவுன்ஷிப், ரேஞ்ச், பிரிவு எண். பிப்ரவரித் தொடக்கத்தில் வயோமிங் எல்க் விண்ணப்பம் முடிவதற்கு முன்னால் நாங்கள் கேட்கப்போகும் யூனிட்டுக்கு அந்தப் பின்னிணைப்பையும் இறக்கிப் பார்க்கிறோம். மூலையால் மட்டும் தொடும் கட்டங்கள் அதில் வந்தால், கருத்துக் கேட்பு அறிவிக்கும்போது எழுதி அனுப்ப நண்பர் ஒரு கடிதத்தைத் தயாராக வைத்திருக்கிறார். பிரிவு எண்ணை மட்டும் மாற்றினால் போதும்.